கறுத்த அலகெல்லாம் சின்னக் கொக்கு அல்ல

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஆண்டுதோறும் இதே தவறு. வேடந்தாங்கல் மரத்தில் கூடு கட்டும் பெரிய கொக்கைத் தெளிவாகப் படமெடுத்துவிட்டு, 'சின்னக் கொக்கு' என்ற வேறு இனமாக எழுதி அனுப்புகிறார்கள். ஏன் என்றால், "அலகு கறுப்பா இருக்கே!"

அலகின் நிறம் நிலையானதல்ல. பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மற்ற மாதங்களில் அலகு மஞ்சள். கூடு கட்டும் பருவத்தில் அதுவே கறுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் வேடந்தாங்கலில் கூடு கட்டுகின்றன. கணக்கெடுப்பு ஜனவரியில். அதாவது, அலகு கறுத்திருக்கும் நேரத்தில்தான் நீங்கள் எண்ணப் போகிறீர்கள். பாதி மஞ்சள், பாதி கறுப்பாக நிற்பவையும் உண்டு. "மஞ்சள் என்றால் பெரியது, கறுப்பு என்றால் சின்னது" என்ற வாய்ப்பாட்டை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் வாய்ப்பிளவை, அதாவது அலகு திறக்கும் இடத்திலிருந்து முகத்தில் பின்னோக்கி ஓடும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. தலை பக்கவாட்டில் திரும்பும்வரை தொலைநோக்கியை இறக்காதீர்கள். படத்தைப் பெரிதாக்கினால், கண்ணுக்குப் பின்னே கத்தி நுனிபோல் கோடு கூராக முடிவது தெரியும். பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் முடிச்சிட்டதுபோல் மடங்கும். நடுத்தரத்துக்கு அலகு குட்டை, தலை உருண்டை. கூடு கட்டும் பருவத்தில் தூவிகள் (நீண்ட மெல்லிய அலங்கார இறகுகள்) நெஞ்சிலும் முதுகிலும் தொங்கினால் நடுத்தரம். முதுகில் மட்டும் என்றால் பெரியது.

வளர்ந்த சின்னக் கொக்குக்கு எல்லா மாதமும் அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் விரல் தெரியாது. அடியெடுத்து வைக்கும்வரை, இல்லாவிட்டால் பறக்கும்வரை பொறுங்கள்.

காவி நிறம் ஏறாத உண்ணிக்கொக்கு முழு வெள்ளையாக, மஞ்சள் அலகோடு நிற்கும். அதை நடுத்தரம் என்று எழுதுகிறார்கள். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, அலகுக்கடியில் தாடை புடைத்திருக்கும். மாட்டருகே நிற்பதை மட்டும் நம்பாதீர்கள், நடுத்தரக் கொக்கும் மாட்டோடு மேயும்.

பழவேற்காடு, கோடியக்கரைப் பக்கம் எண்ணுபவர்கள் கரைக்கொக்கின் வெள்ளை வடிவத்தையும் (இந்த இனத்தில் கருஞ்சாம்பல், வெள்ளை என இரு நிறப் பறவைகள் உண்டு) நினைவில் வையுங்கள். அலகு தடித்து, லேசாக வளைந்து, மங்கிய மஞ்சள்பழுப்பாக இருக்கும்.

தூரத்தில் கூட்டமாக நின்று எதுவும் பிடிபடவில்லையா? 'இனம் தெரியாத வெள்ளைக் கொக்கு' என்று எழுதி எண்ணிக்கையைப் போடுங்கள். தயவுசெய்து அவற்றைச் சின்னக் கொக்குக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.