காமன்வெல்த்: மாசச்சூசெட்ஸ் சூட்டிக்கொண்ட பெயர்

காமன்வெல்த் என்றதும் நமக்கு விளையாட்டுப் போட்டிதான் நினைவுக்கு வரும். விட்டால், பிரிட்டன் ஆண்ட நாடுகளின் கூட்டமைப்பு. அமெரிக்காவிலோ மாசச்சூசெட்ஸ், பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி ஆகிய நான்கு மாநிலங்களின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அரசு தொடுக்கும் குற்ற வழக்கும் 'காமன்வெல்த் எதிர் இன்னார்' என்றுதான் பதிவாகும். ஆனால் சட்டப்படி மற்ற மாநிலங்களுக்கும் இவற்றுக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது.

இதில் வரும் 'வெல்த்', பணமோ சொத்தோ அல்ல. 'வீல்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு நல்வாழ்வு என்று பொருள். அதன் கிளைதான் 'வெல்த்'. ஆக, காமன்வெல்த் என்றால் எல்லோருக்கும் பொதுவான நலம். பிறகு அந்த நலனுக்காக அமைந்த நாட்டையும் அது குறித்தது. 'ரிபப்ளிக்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீனின் 'ரெஸ் பப்ளிகா'வுக்கு (பொதுக் காரியம்) ஆங்கிலத்தில் ஈடாக நின்ற சொல் இது. 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய கையோடு, அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் இங்கிலாந்தை காமன்வெல்த் என்று அறிவித்தது. 1660இல் மன்னராட்சி திரும்பிவிட்டது. சொல்லில் ஏறிய மன்னர் எதிர்ப்பு வாடை மட்டும் போகவில்லை.

மாசச்சூசெட்ஸ் அப்போது இங்கிலாந்தின் ஒரு காலனி. 1629இல் மன்னர் தந்த பட்டயத்தில் (ஆளும் உரிமை தரும் ஆவணம்) தொடங்கி, 1684இல் அதை இழந்து, 1691இல் புதிய பட்டயம் பெற்று, மன்னர் நியமித்த ஆளுநரின் கீழ் இருந்தது. 1774இல் லண்டன் அந்தப் பட்டய உரிமைகளை வெட்டிச் சுருக்கியதும் மக்கள் தங்களுக்கென்று ஒரு மாகாணப் பேரவையைக் கூட்டிக்கொண்டார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று அங்குள்ள லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது; அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. அதுவரை நீதிமன்ற ஆணைகள் மன்னர் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தன. 1776 மே மாதம் அவர் பெயரை எடுத்துவிட்டு 'அரசும் மக்களும்' என்று எழுதச் சட்டம் செய்தார்கள். விடுதலைப் பிரகடனம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது!

1778இல் சட்டமன்றமே ஓர் அரசியலமைப்பை எழுதி ஊர்க்கூட்டங்களுக்கு அனுப்பியது. அதில் நாட்டின் பெயர் வெறும் 'ஸ்டேட்'. உரிமைப் பட்டியலும் இல்லை. வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு இதற்கென்றே ஒரு மாநாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைவு எழுதும் வேலை, பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ் தலையில் விழுந்தது. அவர் 'மாசச்சூசெட்ஸ் காமன்வெல்த்' என்று எழுதினார். தனிமனிதர்கள் தாமாக ஒன்றுசேர்வதால் உருவாவதே அரசு என்றும் முகவுரையில் சொன்னார். ஊர்க்கூட்டங்கள் ஏற்க, 1780 அக்டோபர் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஜான் ஹான்காக் முதல் ஆளுநர். பல திருத்தங்களோடு இன்றும் அதே அரசியலமைப்புதான். 1788 பிப்ரவரியில் 187க்கு 168 என்ற வாக்கில் அமெரிக்கக் கூட்டாட்சியின் அரசியலமைப்பை ஏற்று ஆறாவது மாநிலமான பிறகும் பெயரை விடவில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'பொதுச்செல்வம்' அப்பட்டமான பிழை. 'பொதுநல அரசு' என்றால் முதியோர் உதவித்தொகை தரும் நல அரசோடு குழம்பும். 'குடியரசு' பொருளில் மிக நெருக்கம்தான். ஆனால் அது ரிபப்ளிக் என்பதற்கு உறுதியாகிவிட்டது. இலங்கைத் தமிழர் நாளும் புழங்கும் 'பொதுநலவாயம்'தான் என் தேர்வு. பொது, நலம், ஆயம். ஆயம் என்றால் கூட்டம். ஆடம்ஸ் சொன்ன 'ஒன்றுசேர்தல்' அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அதிகாரப்பூர்வப் பெயராக 'மாசச்சூசெட்ஸ் பொதுநலவாயம்'. சாதாரணச் செய்தியில் 'மாசச்சூசெட்ஸ் மாநிலம்' போதும்.

கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோவுக்கும் ஆங்கிலத்தில் காமன்வெல்த் என்றே பெயர், ஆனால் அது மாநிலம் அல்ல. 1952 முதல் அதன் ஸ்பானியப் பெயருக்குப் பொருள் 'சுதந்திர இணைவு நாடு'. அதைத் தமிழாக்கும்போது ஸ்பானியப் பெயரைப் பார்த்து எழுதுவதே சரி.