பேரலையின் ஓரத்தில் இரண்டு வெட்டு

2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1000 யென் நோட்டின் பின்புறம் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'கனகாவா பேரலை' படம். அதைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூலப்படம் மரக்கட்டையில் கையால் அச்சடித்தது என்கிறார்கள். இயந்திரம் இல்லாமல் நிறங்கள் விலகாமல் எப்படி உட்கார்ந்தன?"

படத்தின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1831வாக்கில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் போட்ட படம். ஹொக்குசாயின் வேலை வரைவதோடு சரி. செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. மெல்லிய தாளில் வரைந்த படத்தைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டுச் செதுக்குவார்கள். வரைந்த தாள் அதோடு காலி. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பரப்பு. இந்தப் படத்தில் பயன்பட்ட பிரஷ்யன் நீலம் என்ற நிறமியைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், விடுவோம்.

விஷயம் 'கென்டோ'வில் இருக்கிறது. பலகையின் நம் பக்க விளிம்பில், படத்துக்கு வெளியே, இரண்டு சிறு வெட்டுகள். வழக்கமாக வலது மூலையில் ஒன்று, இடவலம் திரும்பிய 'ட' வடிவில். தாளின் மூலை இதில் போய் முட்டும். இன்னொன்று அதே விளிம்பில் இடப்பக்கம் தள்ளி, நேர்கோடாக. தாளின் நீள ஓரம் இதில் முட்டும். ஆழம் அதிகமில்லை, தாள் நழுவாமல் நிற்கும் அளவுதான். படத்தை நோக்கிய பக்கம் சரிவாகச் சீவியிருப்பதால் தாளில் மடிப்பு விழாது.

மேசையில் கிடக்கும் ஒரு தாள் இடவலமாக நகரலாம், முன்பின்னாக நகரலாம், சுழலலாம். மூன்றே வழி. அவற்றை அடைக்க மூன்று முட்டுப்புள்ளி போதும்: மூலை வெட்டின் இரு கைகளில் இரண்டு, நேர்வெட்டில் ஒன்று. நான்காவதாக எதிர்ப்பக்கமும் ஒரு வெட்டு வைத்தால் கெட்டது காரியம். ஈரத்தாள் சற்றே விரிந்தாலும் இரு பக்கமும் முட்டிப் புடைத்துக்கொள்ளும்.

இரண்டு வெட்டுக்கும் இடையே தூரம் வேண்டும். 25 செ.மீ. தள்ளி இருக்கும் நேர்வெட்டில் கை 0.2 மி.மீ. பிசகினால், 37 செ.மீ. நீளத் தாளின் மறுமுனையில் விலகல் 0.3 மி.மீ.தான். 5 செ.மீ. தள்ளி வைத்திருந்தால் அதே பிசகு 1.5 மி.மீ. ஆகிவிடும், அலையின் நுரைவிரல்கள் நாசம். (இந்தப் படத்தின்மேல், 'தங்க விகிதம்' என்ற கணித விகிதத்தில் விரியும் தங்கச் சுருளைப் பொருத்திக் காட்டி வியப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வளைவின்மேலும் ஒரு சுருளைப் பொருத்திவிடலாம். பட்டறைக்குச் சோறு போட்ட கணக்கு இந்த மூன்று புள்ளிதான்.)

எல்லாப் பலகையிலும் வெட்டுகள் ஒரே இடத்தில் அமைவது எப்படி? கோட்டுப் பலகையில் கென்டோவையும் சேர்த்தே செதுக்கி, அதிலிருந்து சில பிரதிகள் எடுப்பார்கள். குறிகளும் படத்தோடு தாளில் விழும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று அந்தப் பிரதிகளில் குறித்து, நிறத்துக்கு ஒன்றாகப் புதுப்பலகைகளில் குப்புற ஒட்டிச் செதுக்குவார்கள். அளவுகோலே தேவையில்லை.

பிசகுவதெல்லாம் தண்ணீரால்தான். நிறமும் அரிசிப்பசையும் மரத்தில் தூரிகையால் தேய்க்கப்படுகின்றன. நிறம் உள்ளே இறங்கத் தாளும் ஈரமாக இருக்க வேண்டும். மூங்கில் உறை சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் திண்டால், பலகைமேல் குப்புற வைத்த தாளின் முதுகைத் தேய்த்து அச்செடுக்கிறார்கள். முதல் நிறம் முடிந்து இரண்டாவதற்குள் தாள் காய்ந்தால் சுருங்கும். எத்தனை கவனமாக மூலையில் பொருத்தினாலும் நிறம் கோட்டைத் தாண்டும். அதனால் அடுக்கை ஈரம் குறையாமல் மூடி வைத்து, வேலையைத் தொடர்ந்து முடிப்பார்கள். பலகையும் நீர் குடித்து ஊதும். அப்போது கென்டோவை இம்மியளவு சீவுவார்கள், அல்லது மரச்சிம்பு ஒன்றைச் செருகித் தாள் முட்டும் விளிம்பை முன்னே தள்ளுவார்கள்.

அன்றாட ஜப்பானிய மொழியில் கென்டோ என்றால் உத்தேசம் என்று பொருள்!

பழைய ஜப்பானிய வண்ண அச்சுப்படம் எது கிடைத்தாலும் மூலை வெட்டிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் வலது மேற்பக்கத்தை (பலகையின் இடவலம் அச்சில் மாறிவிடும்) முதலில் பெரிதாக்கிப் பாருங்கள். தாள் எவ்வளவு காய்ந்திருந்தது என்பது அங்கேதான் தெரியும்.