பம்பரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நிற்கும் பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் பம்பர் பெரும்பாலும் முன்னாலிருந்து துருப்பிடிப்பதில்லை. கண்ணில் படாத உட்புறத்தில் தொடங்கி, ஓட்டைகளின் ஓரமாக வெளியே வரும். குரோம் பூசும் தொட்டியில் மின்னோட்டம் வளைவின் உட்பக்கம் சரியாகப் போய்ச் சேராது. அங்கே குரோமுக்கு அடியில் பூசும் நிக்கல் மெலிதாகத்தான் படியும். புதுச்சேரி, கடலூர் உப்புக்காற்றுக்கு அந்த இடம் போதும். ஆகவே பம்பர் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பில் மயங்காமல் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் உட்புறத்தை, முக்கியமாக பம்பரை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட் உட்காரும் இடத்தை, அழுத்திக் குத்துங்கள். செதில் உதிர்ந்து கீழே கெட்டி இரும்பு வந்தால் அந்தப் பம்பரைக் காப்பாற்றலாம். முனை உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். நல்ல ஒரிஜினல் கையில் இருக்கும்போது அதை இரும்புக்கடையில் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்வது பெரிய இழப்பு. அந்த வளைவைக் கையால் அப்படியே திரும்பக் கொண்டுவருவது லேசல்ல.

எந்த மாடலின் பம்பர் என்று அறிய ஆர்.சி. புத்தகத்து வருடத்தை மட்டும் நம்பக்கூடாது. ஐம்பது வருடத்தில் எத்தனையோ கை மாறிய வண்டியில் முன்பு யாரோ வேறு மாடல் பம்பரை மாட்டியிருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1967 ஆகஸ்டில் பம்பரின் வடிவமும் உயரமும் மாறின. முந்தைய பம்பர் பிந்தைய வண்டியில் அப்படியே உட்காராது. அளந்து பார்ப்பதே வழி. பம்பரின் இரு முனைகளுக்கும் நடுவே நூல் பிடித்துக் கட்டி, நூலிலிருந்து நடுப்பகுதிக்கு உள்ள ஆழத்தைக் குறியுங்கள். அடுத்து பட்டையின் உயரம், பிராக்கெட் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், பக்கவாட்டில் திரும்பும் நீளம். இடம், வலம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒருமுறை இடிபட்ட வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட் இருந்தால் பட்டறையில் வாக்குவாதமே வராது.

புதிதாகச் செய்வதானால் தகடு 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மி.மீ., இருக்கட்டும். 20 கேஜில் செய்து தருவது 0.9 மி.மீ. தான், ஓவர்ரைடர் (பம்பரின் மேல் நெட்டுக்குத்தாக நிற்கும் முட்டு) போல்ட்டை முறுக்கும்போதே தகடு உள்வாங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டால் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பது சான்றாகாது, மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஸ்டீல் கடைகளில் 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சிவந்தால் 202. கடலோரத்தில் அதில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி வரும். 304 தகட்டையும் சாதா இரும்பு தேய்த்த அதே கிரைண்டிங் வீலால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டித் துருப்பிடிக்கும். வீல் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஐரோப்பிய கார்களுக்கு வியட்நாமில் செய்த ஸ்டெயின்லெஸ் பம்பர்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளை போல்ட் போட்டு இணைப்பவை, இணைப்புக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

குரோம் போடும் வேலையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். துருவைத் தடுப்பது குரோம் அல்ல, அதன் கீழே உள்ள நிக்கல். குரோம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதிகூட இருக்காது, அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. எங்கள் கடற்கரைக்கு 30 மைக்ரான் நிக்கலாவது கேட்க வேண்டும். குழிகளைச் செம்பு பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்துத்தான் நிரப்ப வேண்டும். பெயின்ட் வேலையில் குழி நிரப்பும் பட்டியின் மேல் பிளேட்டிங் பிடிக்காது. பட்டி வைத்து குரோம் ஸ்பிரே அடித்துத் தருவதும் நடக்கிறது. உட்புறத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் ஸ்பிரே கரைந்து வந்துவிடும்.

பிளேட்டிங்குக்கு முன்பே பம்பரை வண்டியில் மாட்டிச் சரிபாருங்கள். நெளிவு எடுப்பதும் ஓட்டை போடுவதும் அப்போதே முடிய வேண்டும். பூசிய பிறகு வளைத்தால் நிக்கல் வெடிக்கும், ஓட்டை போட்டால் அதன் விளிம்பு வெற்று இரும்பாக நிற்கும். பூசி வந்ததும் உட்புறத்துக்கு எப்பாக்ஸி பிரைமரும் அதன்மேல் அலுமினியம் பெயின்ட்டும் அடியுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முறுக்கி, மட்டம் பார்த்து, நடுவிலிருந்து இரு பக்கமும் இறுக்குங்கள். பாடிக்கும் பம்பருக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். பிராக்கெட்டில் ரப்பர் வாஷர் கட்டாயம். பம்பர் சேரவில்லை என்று சேசிஸில் புது பிராக்கெட்டை வெல்டிங் செய்யாதீர்கள். 50 வருடம் கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. பம்பருக்கு முன்னால் கூடுதலாகக் குழாய் வளைவு மாட்டும் ஆசையும் வேண்டாம். கிராஷ் கார்டு எனப்படும் இந்த வளைவுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க 2017-இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நிறுத்தினாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால், உட்புறம் உட்பட, கழுவித் துடைத்துவிடுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டும் இரும்பு ஸ்கிரப்பரும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் வாக்ஸ் போட்டு, காற்றுப் போகும் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் அடைந்து உட்புறத்தையே முதலில் தின்னும்.