ஃபெக்டரிய நேர்ல பார்த்துட்டேன், இனி பயமில்லன்னு நினைக்கிறவங்களுக்கு

போன வாரமும் ஒருத்தர் வந்தாரு. தலவாக்கலை பக்கம் சின்னதா தேயிலை பெக்கட் பண்ணி விக்கிற தம்பி. பெக்கட் போடுற மெஷின் வாங்க சீனாவுல குவாங்சோ போயி ஃபெக்டரிய சுத்திப் பார்த்து, ஓனர்னு சொன்னவரோட உக்காந்து சாப்பிட்டு, மெஷின் ஓடுறத வீடியோ எடுத்து, 30 வீதம் எட்வான்ஸ் போட்டு, ஷிப்மென்டுக்கு முந்தி மிச்சத்தையும் கட்டி, கடைசியில ஹாபர்ல இருந்து எடுத்துட்டு வந்து பெட்டிய பிரிச்சா வீடியோவுல இருந்த மெஷின் இல்ல. ப்ரோஃபோமா இன்வொய்ஸ, அதாவது காசு கட்ட முந்தி அவங்க எழுதிக் குடுத்த விலைக் கடுதாசிய, வாங்கிப் பார்த்தேன். "டீ பெக்கிங் மெஷின், 1 செட்", அவ்வளவுதான். மொடல் நம்பர் இல்ல, எத்தன கிராம் பெக்கட்டுனு இல்ல, நிமிசத்துக்கு எத்தன போடும்னு இல்ல. இத வச்சுக்கிட்டு யார்கிட்ட போயி என்னத்த கேக்குறது?

ஹட்டன்ல இம்போர்ட் டொக்குமென்ட் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி கேஸ் பார்த்துப் பார்த்து எரிச்சலா வருது. ஏன்னா வர்ற எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றாங்க, "நேர்ல போயி பார்த்துட்டுத்தானே காசு கட்டினேன்."

நேர்ல பார்த்தா என்ன தெரியும்? அந்த எடத்துல ஒரு ஃபெக்டரி இருக்குன்னு தெரியும். ஒங்களுக்கு இன்வொய்ஸ் தர்ற ஆளோட ஃபெக்டரிதான் அதுன்னு தெரியாது. கூட்டிட்டுப் போனவரு தான் செய்யாம வாங்கி விக்கிற ட்ரேடிங் கொம்பனிக்காரரா இருக்கலாம், தெரிஞ்ச ஃபெக்டரிக்குள்ள அழைச்சிட்டுப் போயி சொந்த எடம் மாதிரி காட்டலாம். ட்ரேடிங் கொம்பனியே கூடாதுன்னு நான் சொல்லல, சின்ன ஓடருக்கு நிறைய நேரம் அவங்கதான் வசதி, ஆனா யார்கிட்ட வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும். இந்த தம்பி பார்த்தது ஒருத்தரோட எடம், இன்வொய்ஸ் இன்னொருத்தர் பேர்ல, காசு போனது ஹொங்கொங்ல இருக்கிற மூணாவது கொம்பனி எக்கவுன்டுக்கு. மாடு வாங்கப் போனா பல்ல புடிச்சுப் பார்க்கிற ஆளுங்க நாம, இதுல மட்டும் ஏன் பேர வாசிக்கிறதில்ல?

பிஸ்னஸ் லைசன்ஸ் கொப்பி கேளுங்க, டிக்கட் போடுறதுக்கு முந்தியே கேளுங்க. சீனாவுல பதிஞ்ச ஒவ்வொரு கொம்பனிக்கும் எண்ணும் எழுத்துமா 18 இலக்கத்துல ஒரு கோட் இருக்கு, அரசாங்க வெப்சைட்ல போட்டுத் தேடலாம். அந்த லைசன்ஸ்ல இருக்கிற சீன மொழிப் பேருதான் சட்டப்படி பேரு, விசிட்டிங் கார்ட்ல இருக்கிற இங்கிலிஷ் பேர அவங்களே வச்சுக்கிறது. என்ன தொழில்னு போட்டிருக்கிற எடத்துல உற்பத்தின்னு இருக்கா வெறும் வியாபாரம்னு இருக்கான்னு ஃபோன வச்சே மொழிபெயர்த்து வாசிச்சிடலாம். லைசன்ஸ், இன்வொய்ஸ்ல அடிச்சிருக்கிற செவப்பு வட்ட சீல், காசு போகப்போற எக்கவுன்ட், மூணும் ஒரே கொம்பனியோடதான்னு உறுதியாகாம ஒரு அடி வைக்காதீங்க.

"அண்ணே, எல்சி தொறந்தா பிரச்சன இல்லதானே"ன்னும் கேக்குறாங்க. எல்சின்னா, கேட்ட டொக்குமென்ட் சரியா வந்தா காசு கட்டுறேன்னு ஒங்க பேங்க் குடுக்கிற உறுதி. பேங்க்ல இருந்து நேரா காசு அனுப்புற டெலிக்ஸ் ட்ரான்ஸ்ஃபர விட அது நல்லதுதான். ஆனா பேங்க் பார்க்கிறது டொக்குமென்ட மட்டும், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பேங்க் பார்க்காது, எல்சிக்கான சர்வதேச விதி யூசிபி 600 சொல்றதே அதுதான். அப்ப அந்த ஒத்த வரி இன்வொய்ஸுக்கு அவன் ஒத்த வரிக்குப் பொருத்தமா எதை அனுப்பினாலும் காசு போயிடும். நீங்க வீடியோவுல எடுத்தத எல்லாம் இன்வொய்ஸ்ல எழுத வைங்க.

அடுத்தது நாள். நம்ம ஆளுங்க தைப்பொங்கல் வியாபாரம் முடிஞ்ச கையோட கெளம்பிடுறாங்க. அங்க அது சீனப் புத்தாண்டு நேரம், 2026ல பெப்ரவரி 17, தொழிலாளிங்க அதுக்கு முந்தியே ஊருக்குப் போயிடுவாங்க, ஃபெக்டரி வாரக்கணக்குல பூட்டிக் கெடக்கும். ஒக்டோபர் முதல் வாரமும் லீவு. மெஷின் தேடுறவங்களுக்கு ஏப்ரல் 15ல குவாங்சோவுல தொடங்குற பெரிய வர்த்தகக் கண்காட்சி, கென்டன் ஃபெயார், அதோட முதல் கட்டம் நல்லது, நம்ம சித்திரைப் புத்தாண்டு முடிஞ்ச உடனே வருது, அதனால டிக்கட்ட முந்தியே போட்டுடுங்க. சீனாவுலயே ஈவூங்கிற ஊருக்குப் போனா மலிவா கெடைக்கும்னு சொல்வாங்க, அது சில்லறைச் சாமான் மொத்தச் சந்தை, மெஷினுக்கு அங்க போயி நேரத்த வீணாக்காதீங்க.

விசா பிஸ்னஸ் விசாவா எடுங்க, அதுக்கு அங்கிருந்து அழைப்புக் கடிதம் வரணும். அங்க கூகுளும் வாட்ஸ்அப்பும் லோக்கல் வைஃபைல வேலை செய்யாது, மெசேஜுக்கு வீசெட்டையும் காசு கட்ட அலிபேயையும் ஃபோன்ல இங்கேயே போட்டு கார்ட சேர்த்துட்டுப் போங்க. மழை நேரம்னா கட்டுநாயக்காவுக்கு முதல் நாளே எறங்கிடுங்க, கினிகத்தேன ரோட்டுல மண் சரிஞ்சா ஃப்ளைட் ஒங்களுக்காக நிக்காது.

இன்னொண்ணு, கரன்ட். அங்க த்ரீ பேஸ் 380 வோல்ட். ஒங்க கடைக்கு வந்திருக்கிறது சிங்கிள் பேஸ் லைன்னா மெஷினுக்கு முந்தி அதுக்கு வழி பாருங்க. கொம்ப்ரசர் தனியா வாங்கணுமான்னும் கேளுங்க. அப்புறம் தேயிலைத் தூள்ல பொடியான டஸ்ட் ஓடுற மாதிரி பெரிய தூள் பிஓபி ஓடாது, அவங்க வச்சிருக்கிற சாமான்ல மெஷின் அழகா ஓடுறதுல ஒங்களுக்கு என்ன பிரயோசனம்? எப்படி அனுப்பணும்னு அவங்ககிட்டயே கேட்டு ஒங்க தேயிலையையும் பெக்கட் ரோலையும் முன்கூட்டியே கூரியர்ல அனுப்புங்க, போற அன்னைக்கு அதுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

எஃப்ஓபிய, அதாவது அங்க கப்பல்ல ஏத்துற வரைக்கும் உள்ள விலைய, மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க, கப்பல் கூலி, டியூட்டி, 18 வீத வெட், ஹாபர் செலவு, கொழும்புல இருந்து மேல ஏத்துற லொறின்னு எல்லாம் இருக்கு. சுங்கத்துல சாமான வகைப்படுத்துற எச்எஸ் கோட் என்னான்னு கண்டுபிடிச்சுட்டு வரியப் பார்க்கிறது ஒரு மத்தியான வேல, கிளியரிங் பண்றவங்க யாருகிட்டயும் கேக்கலாம்.

நகைய அடகு வச்சு, சீட்டு எடுத்துத்தான் நிறைய பேர் போறீங்கன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு சொல்றேன். தயவுசெஞ்சு அங்க சாப்பாட்டு மேசையில வச்சு எட்வான்ஸ் குடுக்காதீங்க, ஊருக்கு வந்து டொக்குமென்ட ஒரு தடவ ஆறுதலா வாசிச்சுட்டு அனுப்புங்க. அங்க சந்திச்ச ஆளோட நம்பர பத்திரமா வச்சுக்குங்க. பின்னால "எங்க பேங்க் எக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு ஈமெயில் வந்தா, அந்த ஈமெயில்ல இருக்கிற நம்பருக்கு எடுக்காம, நீங்க கையில வாங்கின நம்பருக்கு வீடியோ கோல் போட்டு முகத்தப் பார்த்து கேளுங்க, அவரு ஆமான்னு சொல்ற வரைக்கும் ஒரு சல்லியும் அனுப்பாதீங்க.