பச்சை ஊரின் பழுப்புக் குளம்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப் பலகை மாறி எத்தனையோ ஆண்டுகளாகியும், சிலாங்கூர்க்காரர்கள் பலருக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பக்கத்துத் தென்னமரத்தில்தான் தொடங்கியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. ஆனால் ஓர் ஊர் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்று தெரிந்துகொள்ள மரங்களை எண்ணிப் பயனில்லை. ஊரை விட்டு வெளியேறும் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்வோம். லோரியில் வந்து இறங்கும் குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்கிறார்கள். பிறகு பழத்தை உதிர்த்துப் பிழிகிறார்கள். 100 டன் குலைக்கு 20 டன் எண்ணெய் கிடைத்தால் கூடவே ஏறத்தாழ 60 டன் கழிவுநீரும் வருகிறது. கொதிக்கக் கொதிக்க, பழுப்பு நிறத்தில் கூழாக வரும் நீர் அது. எண்ணெய் எடுக்க இரசாயனம் எதையும் சேர்ப்பதில்லை என்பதால் நஞ்சில்லை என்று சமாதானம் சொல்வார்கள். ஆற்று மீனுக்கு அந்தச் சமாதானம் உதவாது. அதிலுள்ள எண்ணெயையும் நாரையும் தின்னும் நுண்ணுயிர்கள், நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். ஒரு லிட்டர் கழிவுநீருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை; நமது வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் இருப்பதோ அதிகம் போனால் 8 மில்லிகிராம். அப்படியே திறந்துவிட்டால் ஒரு லிட்டர் கழிவு 3,000 லிட்டர் ஆற்று நீரை மூச்சுத் திணற வைக்கும்.

அதனால்தான் ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்கு ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கொழுப்பையும் மாவுச்சத்தையும் அமிலங்களாக உடைக்கின்றன; மற்றொரு கூட்டம் அதை மீத்தேனாக மாற்றுகிறது. வாரக்கணக்கில் இந்த வேலை நடந்து நீர் தெளிகிறது. ஆனால் குமிழியாக மேலே வந்து வானத்தில் கலக்கும் அந்த மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. ஆற்றைக் காப்பாற்றி வானத்தில் கடன் வைத்த கதை.

தீர்வு எளிது. குளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடி, ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட வேண்டும். சில நாளில் அது கோவில் திருவிழாப் பலூன்போல் உப்பிக்கொள்ளும். ஒரு டன் கழிவுநீருக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு. அதில் பாதிக்கு மேல் மீத்தேன். அதில் கலந்திருக்கும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தை அரித்துவிடும் என்பதால் முதலில் அதை நீக்குகிறார்கள். பெரிய ஆலை ஒன்று இப்படி ஒன்றிரண்டு மெகாவாட் மின்சாரம் எடுக்க முடியும்.

பிறகு ஏன் எல்லா ஆலையும் உடனே குளத்தை மூடிவிடவில்லை? பிழிந்த பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்தே ஆலைக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடுகிறது. மிச்சத்தை விற்கலாமென்றால் மின்கம்பி தோட்டத்தைத் தாண்டித் தொலைவில் இருக்கிறது. 2014 முதல் புதிய ஆலைகளுக்கு வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். தோட்டத்தை நம்பிப் பிறந்த ஊர்களுக்கே அந்த மின்சாரம் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

ஆலையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஊர் வழியே ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் கலந்த கழிவின் வாடையால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. பழைய கடைவீட்டு அடுப்படி நீரோ எந்தக் குளத்திலும் தங்காமல் நேரே கால்வாய்க்குப் போகிறது. அங்கே இடையில் நிற்கக்கூடியது கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தடுப்புப் பெட்டி மட்டுமே. நீர் அதில் சற்று நின்று ஆறினால்தான் எண்ணெய் மேலே மிதந்து தங்கும். நாள்தோறும் வழித்து எடுக்காவிட்டால் பெட்டி நிரம்பி, ரொட்டிச்சானாய்க் கல் கழுவிய எண்ணெய் எல்லாம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கால்வாய்க்கே போய்விடும்.