பயோடோசிமெட்ரி: தமிழில் என்ன சொல்வது?

போன வருடம் ஓர் அவசரகாலப் பயிற்சிக்காகக் கோலாலம்பூரில் துண்டறிக்கை தயாரித்தார்கள். கதிர்வீச்சு விபத்து நடந்தால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது விஷயம். மலாய் மூலத்தைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ‘பயோடோசிமெட்ரி’ என்று ஒரு சொல். செந்தூலில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே, "ரத்தத்தில் கதிர்வீச்சு இருக்கிறதா எனக் கண்டறியும் சோதனை" என்று தட்டி அனுப்பிவிட்டேன். நல்ல தமிழாகத்தான் வந்திருக்கிறது என்று நினைப்பு வேறு.

மறுநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது, மெய்ப்புப் பார்த்த ஆய்வகத் தங்கை ஒருத்தியிடமிருந்து போன். "அண்ணே, ரத்தத்துல கதிர்வீச்சு எப்படிண்ணே இருக்கும்? இதைப் படிச்சா எங்கம்மா, எக்ஸ்ரே எடுத்துட்டு வந்த பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட உட்காரவே மாட்டாங்க."

தப்பு என்னுடையதுதான். வெயிலில் நின்று கறுத்தவன் உடம்புக்குள் வெயில் இருக்காது, கறுப்புதான் இருக்கும். வெளியிலிருந்து பாய்ந்த எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அப்படித்தான், பாய்ந்த கணத்தோடு சரி. பின்னால் எடுக்கும் ரத்தத்தில் தேடுவது அந்தக் கதிரை அன்று, அது செய்துவிட்டுப் போன சேதத்தை. கதிரியக்கப் பொருள் தூளாக உடம்பில் ஒட்டிக்கொண்டாலோ வயிற்றுக்குள் போனாலோ கதை வேறு. அதைக் கருவி வைத்துத் தேடலாம், சிறுநீரிலும் பார்க்கலாம். அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மூன்று துண்டும் கிரேக்கம். பயோஸ் என்றால் உயிர், வாழ்வு. மெட்ரோன் என்றால் அளவு. இவ்விரண்டிலும் சிக்கல் இல்லை. நடுவில் இருக்கும் டோசிஸ்தான் வம்பு. அதன் பொருள் ‘கொடுத்தல்’. வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்து டோஸ் ஆனது, பிறகு அந்த மருந்தின் அளவுக்கே அது பெயராயிற்று. நம் வீடுகளில் அப்பா விடும் டோஸ் தனி ரகம். அதற்கு அளவே கிடையாது.

தமிழில் இதே பயணம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ‘மாத்திரை’ முதலில் அளவுதான். வடமொழி மாத்ராவிலிருந்து வந்த சொல். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் எழுத்தின் ஒலியளவைச் சொல்கிறது. பிற்பாடு, அளந்து உருட்டிய மருந்துக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. இன்று மாத்திரை என்றால் பனடோல்தான் நினைவுக்கு வரும். அதனால் டோஸுக்கு மாத்திரையைத் திரும்ப அழைக்க முடியாது. "கதிர்வீச்சு மாத்திரை" என்று எழுதினால் பார்மசிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

என் ஓட்டு ‘ஏற்பளவு’ என்ற சொல்லுக்கு. கதிர்வீச்சில் கொடுப்பவன் கணக்கு நமக்கு எதற்கு? உடம்பு எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரின் பெயரில் அமைந்த அலகு. ஏறக்குறைய 4 கிரே முழு உடம்பிலும் பட்டு, சிகிச்சையும் கிடைக்காமல் போனால் பாதிப் பேர் பிழைப்பது கடினம். டோஸ் என்ற மூலச் சொல்லைவிட ஏற்பளவு ஒருபடி சரியாக இருக்கிறது என்பது என் எண்ணம். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு தேறுவது அபூர்வம், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்னப் பட்டையைக் குத்தியிருப்பார்களே, அதுதான் டோசிமீட்டர், ஏற்பளவுமானி. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவரிடம் அது இருக்காது. அவருடைய ரத்தத்தையே பட்டையாக வைத்துக்கொள்வதுதான் பயோடோசிமெட்ரி.

எப்படி என்று அந்தத் தங்கையிடமே கேட்டேன். லிம்போசைட் என்ற வெள்ளணு கதிர்வீச்சைத் தாங்காத நோஞ்சான் உடம்பாம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் சாதாரணமாக 1,000 முதல் 4,000 வரை இருக்கும். பெரிய ஏற்பளவு பட்டால் இரண்டு நாளுக்குள் சரசரவென்று இறங்கிவிடும். கிளினிக்கில் ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் எஃப்பிசிதான் இதற்கும் சோதனை. சில மணிக்கொரு முறை திரும்பத் திரும்ப எடுத்து, இறங்கும் வேகத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வழிதான் இந்தத் துறையின் உரைகல். உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் ரத்தம் எடுத்து, லிம்போசைட்டுகளைப் பிரியத் தூண்டி, 48 மணி நேரம் வளர்க்கிறார்கள். தூண்டும் பொருள் ராஜ்மா இனத்து அவரையிலிருந்து வருகிறது. பிரியும்போது பாதியில் நிறுத்த இன்னொரு மருந்து. அது கால்ச்சிசினின் நெருங்கிய உறவு. கால்ச்சிசின் நம் காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சு. சங்கப் பாட்டில் பூத்தது ஆய்வகக் குழாய் வரை எட்டிப்பார்க்கிறது. அப்புறம் சாயமேற்றி நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவது. ஓர் உயிரணுவுக்கு 46, ஒவ்வொன்றுக்கும் ஒடுங்கிய ஓர் இடுப்பு. கதிர் பட்டு உடைந்த இரண்டு துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டால், ஒரே குரோமோசோமில் இரண்டு இடுப்பு தெரியும். கதிர் படாதவர்களிடம் சுமார் ஆயிரம் அணுவுக்கு ஒன்றுதான் இப்படித் தென்படும். "உளுந்தில் கல் பொறுக்குற மாதிரிண்ணே, கண்ணு போயிரும்" என்றாள். இந்த இரட்டை இடுப்பு எத்தனை என்று எண்ணி, ஏற்பளவைக் கணக்கிடுகிறார்கள். முழுமையாகச் செய்தால் 500 முதல் 1,000 அணு வரை பார்க்க வேண்டும். கூட்டம் குவிந்தால் ஆளுக்கு 50 அணுவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். துல்லியம் போகும், ஆனால் யாருக்கு அதிகம் என்று பிரிக்க அது போதும்.

அந்தப் பிரிப்புக்குத்தான் துண்டறிக்கையின் இரண்டாவது வம்புச் சொல், ‘திரியாஜ்’. பிரெஞ்சில் திரியே என்றால் பொறுக்கிப் பிரி. கம்பளியைப் பிரிப்பதற்கும் காப்பிக்கொட்டையைப் பிரிப்பதற்கும் வழங்கிய சொல், போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு வந்தது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தவர்.

இங்கே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் திரியாஜ் கவுண்டர்தான். அங்கே உங்களைப் பார்த்து மேரா (சிவப்பு), கூனிங் (மஞ்சள்), ஹீஜாவ் (பச்சை) என்று மூன்றில் ஒன்றில் போடுவார்கள். ரத்தம் கொட்டினால் சிவப்பு, சுளுக்கென்றால் பச்சை. கதிர்வீச்சில் இந்தக் கண்ணளவு ஏமாற்றும். காயமில்லை, நடந்து வருகிறார், ஒருமுறை வாந்தி, பிறகு தெளிவு. பார்த்தால் பச்சை. ஆனால் உள்ளே எலும்பு மஜ்ஜை அழிந்துகொண்டிருக்கலாம். வாந்தி சீக்கிரம் வந்தால் ஏற்பளவு அதிகம் என்று ஒரு கணக்கு உண்டு. பயத்திலும் வாந்தி வருமே! 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம்-137 உடைந்து பரவியபோது, ஏறக்குறைய 1,12,000 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். பொருள் பட்டிருந்தவர்கள் 249 பேர், இறந்தவர்கள் நால்வர். அந்தக் கூட்டத்தில் முகம் பார்த்து ஆளைப் பிரிக்க முடியுமா? தூரத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. 2000இல் பக்கத்துத் தாய்லாந்தின் சமுத் பிராகானில் பழைய இரும்புக்கடைக்குப் போன கோபால்ட்-60 மூன்று பேரைக் கொன்றது.

திரியாஜுக்குத் தமிழில் சிலர் ‘தரம்பிரித்தல்’ என்று எழுதுகிறார்கள். எங்கள் தாத்தா தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்தவர். மனிதருக்கு அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. முறத்துச் சொற்களான புடைத்தல், கொழித்தல் இரண்டும் அழகுதான், ஆனால் அங்கே உமி வெளியே போக வேண்டும். இங்கே யாரையும் ஊதித் தள்ள முடியாது. ‘அவசர வகைபிரிப்பு’ போதும் என்று வைத்துக்கொண்டேன்.

பயோடோசிமெட்ரிக்கு ‘உயிர் அளவியல்’ என்று போட்டால் மைகாட் அடையாள அட்டைக்கு வைக்கும் கைரேகை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ரத்த ஏற்பளவு’ என்றால் பொருள் குறுகிவிடும். பல் எனாமலிலும் ஏற்பளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் கலைச்சொல்லாக ‘உயிர்வழி ஏற்பளவறிதல்’. துண்டறிக்கைக்கு இது ஆகாது என்று தெரியும். அங்கே எழுதியது: "உங்கள் உடல் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்று ரத்தத்தைக் கொண்டு அறியும் சோதனை."

அனுப்பியதும் தங்கையிடமிருந்து பதில் வந்தது: "இப்ப சரிண்ணே. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ‘அப்ப ஆன்டிக்கு ஒண்ணும் இல்லையா’ன்னு கேக்குறாங்க."