காட்டெருமைக்குக் கைத்துப்பாக்கி கேட்பவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாரையாவது காட்டெருமை முட்டிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்: "சார், .32 எல்லாம் பத்தாதாமே? .45 இல்லேன்னா 10 மி.மீ. கிடைக்குமா?" (.32, .45 எல்லாம் தோட்டாவின் விட்டம், அங்குலக் கணக்கில்.) எஸ்டேட்காரர்கள், ரிசார்ட் வைத்திருப்பவர்கள், நன்றாகப் படித்தவர்களும்தான். பெரிய தோட்டா பட்டால் மாடு தூக்கியெறியப்படும் என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். .45 ஏ.சி.பி. (பிஸ்டல் தோட்டா ரகம்) குண்டின் எடை சுமார் 15 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 255 மீட்டர். 800 கிலோ எடையுள்ள ஆண் காட்டெருமை மேல் அது முழுதாக இறங்கினாலும் மாட்டைத் தள்ளுவது வினாடிக்கு அரை சென்டிமீட்டர் வேகத்தில். மாட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதே உதைப்பைத்தானே சுடுகிறவர் கையும் வாங்குகிறது? மாட்டைச் சாய்க்கிற உதைப்பு என்றால் முதலில் சாய்வது அவர்தான். கைத்துப்பாக்கிக் குண்டு போடுவது ஓட்டை மட்டுமே. அந்த ஓட்டை மூளையிலோ தண்டுவடத்திலோ விழாதவரை மாடு வந்துகொண்டேதான் இருக்கும். .32 ஏ.சி.பி.யின் ஆற்றல் சுமார் 175 ஜூல், .45 சுமார் 500, முழு வீரியமுள்ள 10 மி.மீ. 700 முதல் 900. இந்த அளவு விலங்குகளுக்கென்றே வந்த .375 ரைஃபிளோ ஐயாயிரம் ஜூலைத் தாண்டுகிறது. 175-ஐ 900 ஆக்கிவிட்டால் காட்டெருமை பயப்படும் என்பது வீண் கற்பனை.

நேரமும் கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மாடு 20 மீட்டரைக் கடக்க இரண்டு வினாடிகூட ஆகாது. அதற்குள் உறையிலிருந்து எடுத்து, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து, குறி பார்த்து, ஆடுகிற தலையில் சுட வேண்டும். காயப்பட்ட மாடு புதருக்குள் நிற்கும். மறுநாள் காலை அதன் எதிரே போய் நிற்பது கொழுந்து பறிக்க வருகிற அம்மாதான். தயவுசெய்து அதை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் சுருக்கமாக. காட்டெருமை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிர் காக்க நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை என்று பிரிவு 11 சொல்கிறது, ஆனால் அந்த நல்லெண்ணத்தை விசாரணையில் நீங்கள்தான் விளக்கியாக வேண்டும். 9×19 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், கலெக்டர் தரும் சாதாரண உரிமத்தில் வராது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

மனிதரிடமிருந்து தற்காப்புக்கு என்று உரிமம் வாங்கி, அதிலும் வீரியமான தோட்டாதான் வேண்டும் என்கிறவர்கள், முதலில் பிடியைப் பாருங்கள். பிடித்த பிடி நகராமல் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் படிய வேண்டும். 10 மி.மீ. பிஸ்டல்களில் பிடி தடிமன், சின்னக் கைக்கு எட்டாது. எடை குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், இலேசான பிஸ்டலில் உதைப்பு கூடுதல். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கூடு வெளியேறும் வாயிலில் நட்டுக்குத்தலாகச் சிக்கிக்கொள்ளும். பிஸ்டல் மேல் பழி போடுவார்கள், தவறு பெரும்பாலும் பிடியில். ஸ்லைடை ஈரக் கையோடு இழுத்துப் பாருங்கள், நம் ஊர் ஜூலை மாதத்தில் கை எப்போதும் ஈரம்தானே.

இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி கைமாறிய பழைய பிஸ்டல். காலி என்று உறுதிசெய்து, கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்ளே வளையம் மாதிரி நிழல் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது, வேண்டாம். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள். முழு அளவு .45 பிஸ்டலுக்கு வழக்கமாக 16 பவுண்டு ஸ்பிரிங். அது களைத்திருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு போய் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்) மோதி, நாளடைவில் விரிசல் விடும். பழைய பிஸ்டலில் கூடுதல் அழுத்தத் தோட்டா போடவே கூடாது.

தோல் உறைக்குள் வைத்தே பீரோவில் பூட்டுகிற பழக்கத்தை விடுங்கள். குந்தா மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சும், உறை பட்ட இடமெல்லாம் துரு ஏறும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிகா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். தோட்டாவில் எண்ணெய் படக்கூடாது, பிரைமருக்குள் (தோட்டா அடியில் இருக்கும் தீமூட்டி) இறங்கினால் வெடிக்காது. விசை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலை ஆபத்தில்லாத திசையிலேயே 30 வினாடி பிடித்திருந்து, பிறகு தோட்டாவை எடுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். மேகசினையும் (தோட்டா அடுக்கும் பெட்டி) குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையையும் காலி செய்துவிட்டுக் குழலுக்குள் பாருங்கள்.

காட்டெருமைக்கு? நல்ல டார்ச், இருட்டிய பிறகு ஒற்றையடிப் பாதையில் நடக்காதிருப்பது, வழியில் நின்றால் திரும்பிப் போவது. அதுவாக நகரவில்லை என்றால் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.